நான்கு மில்லியாம்பியர்

ஞாயிறு முடிந்து இரண்டே கால் மணி நேரம்.
தலைமாட்டில் கைப்பேசி அலறுகிறது:
பிரின் டீ மேட்டுத் தொட்டி, நீர்மட்டம்
நூற்றிரண்டு விழுக்காடு.

நூற்றிரண்டா?
வழிந்தால் சொல்ல வேண்டிய மிதவை
வாயே திறக்கவில்லை.
இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.
எது என்று பார்த்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

வேனைக் கிளப்பினேன்.
வேல்ஸ் மழைக்கு மேலிருந்து விழும் பழக்கமில்லை,
பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டும்.
நடுச்சாலையில் படுத்திருந்த ஆடுகள்
எழலாமா என்று தங்களுக்குள் கலந்து பேசின.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரியான்:
"நெரிஸ், உள்வால்வு சாயங்காலமே மூடிக்கொண்டிருக்கிறது.
நாங்கள் யாரும் கவனிக்கவில்லை."

வால்வின்மேல் குற்றமில்லை.
நிறைந்துவிட்டது என்றார்கள், நம்பி மூடியது.
கீழே முந்நூற்று நாற்பது வீடுகள்
தூக்கத்திலும் குடித்துக்கொண்டிருந்தன:
பால்பண்ணையின் கழுவுதொட்டி,
யாரோ சரிசெய்யாமல் விட்ட கழிவறை ஒழுக்கு,
ப்ரோதரோ அம்மாள் வீட்டில்
இரவெல்லாம் அவர் ரத்தத்தை அலசும் இயந்திரம்.

மூடியைத் திறந்து டார்ச்சை இறக்கினேன்.
தண்ணீர் எங்கோ அடியில்
கை தவறி விழுந்த தட்டுபோல மினுங்கியது.
மீயொலிக் கருவியின் வாய்க்குக் கீழே
ஒரு வலை.
புதிது. நேர்த்தியானது. இழைக்கு இழை நீர்முத்து.
கருவி அனுப்பும் ஒலி
நீரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.
இது ஒரு முழத்தில் சிலந்தியைத் தொட்டுவிட்டு
வேலை முடிந்ததென்று திரும்பியிருக்கிறது.

துடைத்தேன். நூற்றிரண்டு முப்பத்தொன்றானது.
சிலந்தியைக் கையுறையில் ஏற்றி வெளியே விட்டேன்.
குடிநீர்த் தொட்டிக்குள் நுழைய நீல அட்டை வேண்டும்,
அதனிடம் இல்லை.

பிறகு வழக்கம்போல மீட்டரைச் சுற்றில் கோத்தேன்.
எட்டுப் புள்ளி ஒன்பது ஆறு. சரி.
தொட்டி காலியென்றால் நான்கு, நிறைந்தால் இருபது.
காலிக்கு ஏன் பூஜ்யம் கூடாது?
பூஜ்யம் என்றால் கம்பி அறுந்துவிட்டது.
'ஒன்றுமில்லை' என்று சொல்லவும்
கொஞ்சம் மின்சாரம் ஓட வேண்டும்.

எத்தனை பயிற்சி வகுப்புகளில்
பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன் இதை.
ஒரு நாளும் தம்பியை நினைத்ததில்லை.

மாக்சன் நியூசிலாந்தில் இருக்கிறான்.
அம்மாவின் வீட்டை நான் விற்றதிலிருந்து பேச்சில்லை.
ஞாயிறுதோறும் ஒரு புள்ளி அனுப்புவான்.
எழுத்தில்லை, படமில்லை, வெறும் முற்றுப்புள்ளி.
மூன்று வருடமாக அந்தப் புள்ளியைத் திட்டியிருக்கிறேன்,
ஒரு வார்த்தைக்கு என்னடா பஞ்சம்,
உன் ஊரில் சொல்லுக்கும் மீட்டர் வைத்துவிட்டார்களா என்று.

தொட்டியின் கான்கிரீட் முதுகில் உட்கார்ந்து
கையுறையைப் பல்லால் கழற்றித் திரையைத் தள்ளினேன்.
அதற்கு முந்தைய ஞாயிறு: புள்ளி.
போன ஞாயிறு: புள்ளி.
நேற்று:

"திறக்கிறேன், விலகிக்கொள்" என்றாள் ரியான்.
காலடியில் குழாய் இருமியது, காற்றைத் துப்பியது,
அப்புறம் நீர் வந்தது,
தாமதத்துக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல்.

அங்கே இப்போது பிற்பகல் நான்கு மணி இருக்கும்.
வேலையில் இருப்பான். தூங்கியிருக்கலாம். மறந்திருக்கலாம்.
மழைக்கு முதுகைக் காட்டி அவன் எண்ணை அழுத்தினேன்.

காதில் முதலில் ஒன்றுமே இல்லை.
பிறகு எங்கோ கடலடியில்
மணி அடிக்கத் தொடங்கியது.